‘டியூஷன்’ என்றால் பாடமா, பணமா, மாலை வகுப்பா? கையேட்டுக்குச் சரியான தமிழ்ச் சொற்கள் தேவை

#1 ஏடுபெயர்ப்பு

வணக்கம். மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. ‘டியூஷன்’ என்ற சொல் வரும் இடமெல்லாம் ‘கல்விக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறார்கள். சரிபார்த்தால் பாதி இடங்களில் இடிக்கிறது.

இங்கிலாந்து இசைப்பள்ளி ஒன்றின் ‘பியானோ டியூஷன்’, ‘பியானோ கல்விக் கட்டணம்’ ஆகியிருக்கிறது. அங்கே பேச்சு பாடத்தைப் பற்றியது, பணத்தைப் பற்றியதே அல்ல. அமெரிக்கச் சேர்க்கைக் கடிதத்தில் வரும் ‘டியூஷன் அண்ட் ஃபீஸ்’, ‘கல்விக் கட்டணமும் கட்டணங்களும்’ ஆகிவிட்டது. படிப்பவருக்கு என்ன புரியும்? சிங்கப்பூரின் ‘டியூஷன் கிராண்ட்’, இந்தியத் தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘டியூஷன் ஃபீ வெய்வர்’, கோச்சிங் சென்டர்களுக்கான மத்திய அரசு நெறிமுறைகளில் வரும் ‘டியூஷன்’ எல்லாவற்றுக்கும் இதே சொல்தான்.

எந்த நாட்டில் எது பணம், எது பாடம், எது நம் ஊர் மாலை வகுப்பு என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் உதவுங்கள். பணம் கட்டும்போது ஏமாறக்கூடிய இடங்களை முக்கியமாகச் சொல்லுங்கள்.

#2 வேர்தேடி

வேரைப் பார்த்தால் குழப்பம் எங்கே தொடங்கியது என்று தெரியும். லத்தீனில் ‘துஏரி’ என்ற வினைக்குக் கண் வைத்துப் பார்ப்பது என்று பொருள். அதிலிருந்தே காப்பது என்ற பொருளும் வந்தது. ‘பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று நாம் சொல்கிறோமே, அதே வழிதான், பார்ப்பது காப்பதாகிறது. அதன் பெயர்ச்சொல் ‘துஇத்தியோ’, அதாவது காவல். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குக் காப்பு, பொறுப்பு என்பதுதான் பொருள். படிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கிலாந்தில் 1660இல் வந்த ஒரு சட்டம், 21 வயது நிறையாத பிள்ளைகளின் ‘கஸ்டடி அண்ட் டியூஷன்’ யாரிடம் போகவேண்டும் என்று தந்தை உயிலில் எழுதிவைக்கலாம் என்றது. அதைப் ‘பாதுகாப்பும் படிப்பும்’ என்று பெயர்த்தால் பிழை. இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒன்றையே குறிக்கும். சட்ட ஆவணங்களில் அப்படி இணைத்து எழுதுவது வழக்கம்.

‘டியூட்டர்’ என்பதும் அப்படியே. ரோமானியச் சட்டத்தில் டியூட்டர் என்பவர் தந்தையை இழந்த சிறுவர்களின் காப்பாளர். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 14 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைக்கும் 12 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைக்கும் காப்பாளராக இருந்தவரின் பெயர் 1991 வரை டியூட்டர்தான். 

கற்பித்தல் என்ற பொருள் 1580களில் பதிவாகிறது. பணம் என்ற பொருள் கடைக்குட்டி: 1828இல்தான் தென்படுகிறது. ‘டியூஷன் ஃபீ’ என்ற தொடரிலிருந்து பின்சொல் உதிர்ந்து, முன்சொல்லே பணத்தைச் சுமக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த உதிர்வு அமெரிக்காவில் நிலைத்தது, பிரிட்டனில் நிலைக்கவில்லை. உங்கள் கையேட்டின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு பிரிவிலிருந்து வருவதுதான்.

#3 கடன்பற்று

அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன். அங்கே ‘டியூஷன்’ என்று தனியாக நின்றால் பணம். பாடம் நடத்துவதைச் சொல்ல ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘டீச்சிங்’ உண்டு. தனியாகச் சொல்லிக்கொடுப்பது ‘டியூட்டரிங்’.

‘டியூஷன் அண்ட் ஃபீஸ்’ என்பதில் இரண்டும் வேறு வேறு வரிகள். டியூஷன் என்பது பாடங்களுக்கான விலை, பெரும்பாலும் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) கணக்கில். ஃபீஸ் என்பது மாணவர் மையம், கணினி வசதி, உடல்நல மையம், விளையாட்டுக் கூடம், பேருந்து, வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று எல்லோர் தலையிலும் விழும் மற்ற தொகைகள். தமிழில் ‘பாடக் கட்டணமும் பிற கட்டணங்களும்’ என்று போட்டால் பிரிவு தெளிவாகத் தெரியும்.

பணம் போகும் இடங்கள் இவை.

ஒன்று, ‘ஃபுல் டியூஷன் வெய்வர்’. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவியாளர் வேலையோடு வரும் சலுகை. ‘முழுக் கட்டண விலக்கு’ என்று பெயர்த்தால் எல்லாமே இலவசம் என்று குடும்பம் நம்பிவிடும். விலக்கு டியூஷன் வரிக்கு மட்டும். ஃபீஸ் வரிகளும் மருத்துவக் காப்பீடும் பல இடங்களில் மாணவர் கையிலிருந்தே போகும். கடிதம் வந்தவுடன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, ‘பில்லில் உள்ள எந்தெந்த வரிகள் விலக்கில் அடங்கும், எவை அடங்காது’ என்று வரிவாரியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். கோடைப் பருவம் அடங்குமா என்பதையும் கேளுங்கள்; பெரும்பாலும் அடங்காது.

இரண்டு, கிரெடிட் கணக்கு. சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனியாக வாங்கும். சில, 12 கிரெடிட்டிலிருந்து ஒரு மேல்வரம்பு வரை ஒரே தொகை வாங்கும். அந்த வரம்புக்குள் ஒரு பாடம் கூட எடுத்தால் கூடுதல் செலவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். காசு மிச்சம் என்று ஒரு பாடத்தை விட்டு அதற்குக் கீழே போனால் விசா நிலைக்கே ஆபத்து. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

மூன்று, பாடத்தைக் கைவிடும் நாள். பருவத் தொடக்கத்தில் பாடம் சேர்க்கவும் விடவும் ஒரு கெடு உண்டு. அதற்குள் விட்டால் டியூஷன் குறையும். பிறகு விட்டால் வாரத்துக்கு வாரம் திரும்பக் கிடைக்கும் பங்கு குறைந்து, சில வாரங்களில் பூஜ்யமாகிவிடும். அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கிடைக்காது, பில்லில் தொகை மட்டும் இருக்கும்.

நான்கு, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம். அதில் உள்ள ‘டியூஷன் அண்ட் ஃபீஸ்’ தொகை ஓர் உத்தேசம். அதே படிவத்தில் தங்குமிட, உணவுச் செலவு தனி வரியில் இருக்கும். வங்கிக் கடனுக்குப் போகிறவர்கள் முதல் வரியை மட்டும் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறார்கள். மொத்தத்தைக் காட்ட வேண்டும்.

#4 ஏடுபெயர்ப்பு

மிக்க நன்றி. 1098-டி என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதன் பெயரே ‘டியூஷன் ஸ்டேட்மென்ட்’. அதில் இருப்பது டியூஷன் மட்டும்தானா?

#5 கடன்பற்று

இல்லை. பெயரில்தான் டியூஷன், உள்ளே ‘தகுதியுள்ள டியூஷனும் அதைச் சார்ந்த செலவுகளும்’ இருக்கும். கல்வி நிறுவனம் முந்தைய ஆண்டுக்கான படிவத்தை ஜனவரி 31க்குள் தரவேண்டும். 1ஆம் கட்டத்தில் பெற்ற தொகை, 5ஆம் கட்டத்தில் உதவித்தொகை. விடுதி, உணவு, காப்பீடு, பயணம் சேராது. 5ஆம் கட்டம் 1ஆம் கட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் கவனம் வேண்டும்: டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம் ஆகியவற்றுக்குப் போன உதவித்தொகைக்கு வரி இல்லை; அறை, சாப்பாட்டுக்குப் போன பகுதி வருமானமாகக் கணக்காகும்.

‘அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி’ வரிச்சலுகை ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர்: முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுதும், அடுத்த 2,000க்குக் கால்பங்கும். இதில் புத்தகத்தை வெளிக்கடையில் வாங்கினாலும் சேரும். ஆனால் எஃப்-1 மாணவர் வரிச்சட்டப்படி ‘அங்கே குடியிருப்பவர் அல்லாத வெளிநாட்டவராக’ இருக்கும் ஆண்டுகளில் பொதுவாக இதைக் கோர முடியாது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தெரியாமல் கோரிவிட்டுப் பிறகு திருத்தக் கணக்கு எழுதுவது பெரிய வேலை.

கனடாவுக்குச் சமமான படிவம் டி2202. டொரண்டோ பக்கம் பிள்ளைகள் படிக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒன்று: மாணவரின் சொந்த வரியைக் கழிக்கத் தேவைப்பட்டது போக மீதி இருந்தால், நடப்பு ஆண்டின் டியூஷன் தொகையில் 5,000 டாலர் வரை பெற்றோர், தாத்தா பாட்டி, வாழ்க்கைத்துணை ஆகியோரில் ஒருவருக்கு மாற்றலாம். ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய தொகை 100 டாலரைத் தாண்டினால்தான் கணக்கில் வரும்.

#6 வேர்தேடி

கலிபோர்னியாவை விட்டுவிட முடியாது. சொல் எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு அது சாட்சி. 1868இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டம், வருவாய் இடம் கொடுத்தவுடன் மாநிலத்தவருக்கு டியூஷன் இலவசம் என்றது. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், 1970இல் பணம் வாங்கத் தொடங்கியபோதும் அதை டியூஷன் என்று சொல்லவில்லை. ‘எஜுகேஷனல் ஃபீ’ என்றார்கள். வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கொடுத்ததுதான் ‘டியூஷன்’. 2010 நவம்பரில் ஆட்சிக்குழு பெயரை மாற்றி, அதையும் டியூஷன் என்றே அழைக்க முடிவு செய்தது. ஆகவே பழைய கலிபோர்னிய ஆவணத்தைப் பெயர்க்கும்போது ‘டியூஷன் இல்லை’ என்பதைப் ‘பணம் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 40 ஆண்டு அங்கே டியூஷன் இல்லாமலே பணம் வாங்கியிருக்கிறார்கள்.

#7 தேம்ஸ்கரை

பிரிட்டனில் ‘டியூஷன்’ தனியாக நின்றால் கற்பித்தல். பியானோ டியூஷன், நீச்சல் டியூஷன், வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டியூஷன், எல்லாம் ‘பயிற்சி’ அல்லது ‘பாடம்’ என்று போகும். பணம் என்றால் ‘டியூஷன் ஃபீ’ என்று பின்சொல் கூடவே வரும்.

பல்கலைக்கழகம் சார்ந்த எண்கள் கையேட்டில் பழையதாகிவிடும், ஆண்டோடு எழுதுங்கள். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கு 1998இல் 1,000 பவுண்டுடன் தொடங்கியது. 2006இல் மேல்வரம்பு 3,000, 2012இல் 9,000, 2017இல் 9,250, 2025–26 கல்வியாண்டில் 9,535. இந்த வரம்பு வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்தாது. பல்கலைக்கழகம் வைத்ததுதான் விலை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் செய்தியில் 9,535 என்று படித்துவிட்டு அதையே தன் செலவாக எழுதிக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

உள்நாட்டு மாணவர் ‘டியூஷன் ஃபீ லோன்’ எடுத்தால் பணம் மாணவர் கணக்குக்கு வராது, பல்கலைக்கழகத்துக்கு நேரே போகும்: முதல் பருவத்தில் 25 சதவீதம், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 50. படிப்பை இடையில் விடுகிறவர் இந்தப் படிகளைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாம் பருவம் தொடங்கிய பிறகு விட்டால் முழு ஆண்டுக் கடனும் தலையில்.

இன்னொன்று. பிரிட்டனின் மதிப்புக்கூட்டு வரியில் ‘பிரைவேட் டியூஷன்’ என்பது சட்டச் சொல். பள்ளியில் வழக்கமாகக் கற்பிக்கும் பாடத்தை ஒருவர் தன் பொறுப்பில், தானே கற்பித்தால் வரிவிலக்கு. அதே பாடத்தைச் சம்பள ஆசிரியர் வைத்து நடத்தினால் அந்த விலக்கு இல்லை. இந்த இடத்தில் ‘தனிக்கற்பித்தல்’ என்று எழுதுவேன். ‘தனியார் கல்வி’ என்றால் தனியார் பள்ளி என்று ஆகிவிடும்.

#8 ரசீதுக்கட்டு

தமிழ்நாட்டுப் பக்கம் நான் வருகிறேன், இங்கேதான் இரண்டு பொருளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

பேச்சில் டியூஷன் என்றால் பள்ளிக்கு வெளியே நடப்பது. தமிழ் அதற்கு வினைகளையும் சுத்தமாகப் பிரித்துவைத்திருக்கிறது: வாத்தியார் டியூஷன் எடுக்கிறார், பிள்ளை டியூஷன் போகிறது, பெற்றோர் டியூஷன் வைக்கிறார்கள். இந்திய ஆங்கிலத்தில் ஆசிரியரும் மாணவரும் இருவருமே ‘டேக்’ செய்கிறார்கள். தமிழில் அந்தக் குழப்பம் கிடையாது. ‘டுடோரியல்’ வேறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதப் படிக்கும் இடம் அது. ஆக்ஸ்போர்டு ‘டியூட்டோரியல்’ என்ற சொல் வந்தால் அதைக் கலந்துவிடாதீர்கள். அங்கே அது ஓர் ஆசிரியர் ஓரிரு மாணவரோடு உட்கார்ந்து கட்டுரையை அலசும் வகுப்பு.

காகிதத்தில் டியூஷன் ஃபீ என்றால் பள்ளி, கல்லூரி வாங்கும் பாடக் கட்டணம். அரசு ஆணைகளில் இதற்குக் ‘கற்பிப்புக் கட்டணம்’ என்ற சொல் பல காலமாகப் புழங்குகிறது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்பவை அதன் பக்கத்து வரிகள். கையேட்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம், பொருள் நழுவாது. ‘கல்விக் கட்டணம்’ மொத்தத்துக்கும் பொதுச்சொல்லாக இருக்கட்டும்.

80சி. 1961 வருமான வரிச் சட்டத்தின் (2026 ஏப்ரலிலிருந்து இதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம்) இந்த வரிக்கழிவுப் பிரிவில் டியூஷன் ஃபீ என்பது முழுநேரப் படிப்புக்காக இந்தியாவில் உள்ள பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி, பிற கல்வி நிறுவனம் ஆகியவற்றுக்குக் கட்டியது. வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, அதுபோன்ற எதுவும் சேராது என்று அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது. வேன், சீருடை, புத்தகம், விடுதி, தாமதக் கட்டணம் எதுவும் வராது. மாலை டியூஷன் வராது; பெயர் ஒன்றாக இருப்பதால் ஆண்டுதோறும் இந்த ரசீதுகள் அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு வந்து திரும்புகின்றன. மழலையர் பள்ளி சேரும். மொத்த வரம்பு, வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்.

நடைமுறையில் சிக்கல் ரசீதில்தான். ‘முதல் பருவக் கட்டணம்’ என்று ஒரே தொகையாக ரசீது கொடுத்தால் டியூஷன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பணம் கட்டும் அன்றே தலைப்புவாரியாகப் பிரித்து ரசீது கேளுங்கள், அல்லது ஆண்டு முடிவில் பிள்ளையின் பெயர், வகுப்பு, கட்டிய நாள், டியூஷன் தொகை தனியாகக் காட்டும் சான்று வாங்குங்கள். கணக்கு, கட்டிய நாளைப் பொறுத்தது. அடுத்த கல்வியாண்டுக்கு மார்ச்சில் கட்டினால் அந்த மார்ச் எந்த நிதியாண்டோ அதில்தான் காட்டவேண்டும்.

#9 ஏடுபெயர்ப்பு

80சி-யில் இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தைத்தான் காட்டலாம் என்ற வரம்பு குடும்பத்துக்கா?

#10 ரசீதுக்கட்டு

வரி கட்டும் ஒவ்வொருவருக்கும். கணவனும் மனைவியும் இருவருமே வரி கட்டினால் ஆளுக்கு இரண்டு பிள்ளை. ஒரே பிள்ளைக்கு இருவரும் பங்கிட்டுக் கட்டினால் அவரவர் கட்டியதை அவரவர் காட்டலாம். ஒரே ரூபாயை இருவரும் காட்டக்கூடாது. தன் சொந்தப் படிப்புக்கோ மனைவியின் படிப்புக்கோ கட்டியது இதில் வராது.

ஏ.ஐ.சி.டி.இ. சலுகையையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் போன்ற படிப்புகளில் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் கூடுதலாக 5 சதவீதம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள். விலக்கு கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும், மற்ற எல்லாக் கட்டணமும் மாணவர் கட்டவேண்டும். அமெரிக்க வெய்வர் பற்றிக் கடன்பற்று சொன்ன அதே கண்ணி இங்கும். இந்த இடத்தில் சேர்ந்தவர் பிறகு கல்லூரியோ பிரிவோ மாற முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘இலவச இடம்’ என்று பெயர்ப்பது பெரும் தவறு.

‘டியூஷன்’ கற்பித்தலாகவே வரும் இந்தியச் சட்ட இடங்களும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனி டியூஷனில் ஈடுபடக்கூடாது என்கிறது. 2024 ஜனவரியில் வந்த மத்திய நெறிமுறைகளில் கோச்சிங் என்பதற்கே ‘50 பேருக்கு மேல் கற்பிக்கும் டியூஷன், போதனை, வழிகாட்டல்’ என்றுதான் விளக்கம். அதில் பெற்றோருக்குப் பயன்படும் வரிகள்: 16 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக்கூடாது, முழுப்பணம் கட்டியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளில் திருப்பித் தரவேண்டும், விடுதி, உணவுத் தொகையும் சேர்த்து. பணம் கட்டுமுன் இந்த விதியைப் படித்துக்காட்டி, அதே வாசகம் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

#11 வடமராட்சி

இலங்கையில் இந்தச் சொல் ஒரு பொருளோடு நின்றுவிட்டது. அரச பாடசாலையிலும் அரச பல்கலைக்கழகத்திலும் இலவசக் கல்வி 1945 முதல் இருப்பதால், சாதாரண பேச்சில் கற்பித்தலுக்குக் கட்டணம் என்ற பொருளில் ‘ரியூசன்’ வரவே வராது. பாடசாலை வாங்குவது ‘வசதிகள் சேவைகள் கட்டணம்’. ரியூசன் என்றால் வெளிவகுப்பு மட்டும்தான். நடக்கும் இடம் ‘ரியூட்டரி’. செய்தித்தாளிலும் அரச அறிவித்தலிலும் ‘பிரத்தியேக வகுப்பு’, ‘மேலதிக வகுப்பு’.

‘ரியூட்’ என்று ஒன்று உண்டு, தமிழ்நாட்டார் தடுமாறுவார்கள். வகுப்பில் ஆசிரியர் அச்சடித்துக் கொடுக்கும் குறிப்புத் தாள் அது. அவுஸ்திரேலியாவில் இதே சுருக்கம் பல்கலைக்கழகச் சிறுவகுப்பைக் குறிக்கும். ‘நாளைக்கு ரியூட் இருக்கு’ என்று சிட்னியில் படிக்கும் பிள்ளை சொன்னால் வகுப்பு, யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால் தாள்.

உயர்தரப் பரீட்சைக்கான (ஏ-லெவல்) வகுப்புகளில் தியறி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ் என்று மூன்று வகை. ஒரு பாடத்துக்கு மூன்றுக்கும் தனித்தனிக் காசு. கட்டணத்தை ஒப்பிடுகிறவர்கள் எந்த வகுப்புக்கு என்று கேட்காமல் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். தேசியப் பரீட்சைகள் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, குறித்த ஒரு நள்ளிரவிலிருந்து இவ்வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்யும். கடைசி மாதத்துக்கு முழுக் காசும் கட்டுமுன் அந்தத் திகதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

#12 தீவுத்தமிழ்

சிங்கப்பூரில் இரண்டும் உண்டு, குழப்பமும் குறைவு. வீட்டிலோ நிலையத்திலோ நடப்பது ‘துணைப்பாட வகுப்பு’. வானொலியும் நாளிதழும் இந்தச் சொல்லை நன்றாக வேரூன்ற வைத்திருக்கின்றன. 10 பேருக்கு அல்லது அதற்கு மேல் கற்பிக்கும் நிலையம் கல்வி அமைச்சில் பதிவு செய்யவேண்டும். ஆனால் ‘டியூஷன் கிராண்ட்’ துணைப்பாட உதவி அல்ல. பல்கலைக்கழகப் பாடக் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கு. வெளிநாட்டு மாணவர் அதை ஏற்றால் படிப்புக்குப் பின் 3 ஆண்டு சிங்கப்பூர் சார்ந்த நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் கையெழுத்திடவேண்டும், பிணையாளரோடு. முறித்தால் மானியத்தை வட்டியோடு திருப்பவேண்டும். ‘மானியம்’ என்று மட்டும் எழுதினால் இந்தக் கட்டு மறைந்துவிடும். ‘ஒப்பந்தத்துடன் கூடிய பாடக் கட்டண மானியம்’ என்று நீளமாக இருந்தாலும் அதுதான் சரி.

‘டியூஷன்’ என்பதைத் தமிழ்நாட்டாரும் துணைப்பாடம் என்று எழுதலாமே?

#13 ரசீதுக்கட்டு

எழுதலாம், ஆனால் பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. இங்கே துணைப்பாடம் என்றவுடன் நம் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் செய்யுள், உரைநடையோடு வரும் கதைப்பகுதியைத்தான் நினைப்பார்கள். ‘துணைப்பாடத்திலிருந்து ஒரு நெடுவினா’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு ‘தனிவகுப்பு’ நேரே போய்ச் சேரும். பேச்சுச்சொல்லாக டியூஷனையும் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். சிங்கப்பூர் பகுதியில் துணைப்பாடம், இலங்கைப் பகுதியில் மேலதிக வகுப்பு என்று அந்தந்த ஊர்ச் சொல்லே இருக்கட்டும்.

#14 வேர்தேடி

ஒத்துக்கொள்கிறேன். தமிழில் இந்த இரண்டு பொருளும் பழங்காலத்திலிருந்தே ஒட்டாமல் நிற்கின்றன. நன்னூல் கற்பித்தலை ‘ஈதல்’ என்றும் ‘நூல் கொடுத்தல்’ என்றும் சொல்கிறது. ஆசிரியர் கொடுப்பவர், மாணவர் ‘கொள்வோன்’. எதிர்ப்பக்கம் மாணவர் தரும் பொருளைப் புறநானூற்று 183ஆம் பாட்டு ‘உறுபொருள் கொடுத்தும்’ என்று தனியாகச் சொல்கிறது. கொடுத்தல் இரு கையிலும் இருந்தாலும், கொடுபடும் பொருளுக்குத் தனித்தனிப் பெயர். ஆங்கிலத்தின் ஒட்டுச்சொல்லை நாமும் ஒரே சொல்லால் பெயர்க்கத் தேவையே இல்லை.

#15 தேம்ஸ்கரை

தன்விவரக் குறிப்பு எழுதும் பகுதி கையேட்டில் இருந்தால் ஒரு பத்தி சேருங்கள். நம் ஊரில் ஐந்து ஆண்டு டியூஷன் எடுத்தவர் அதையே ஆங்கிலத்தில் அப்படியே எழுதி அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பினால், ஐந்து ஆண்டு கட்டணம் வசூலித்தவர் என்பதுபோல ஒலிக்கும். அங்கே ‘பிரைவேட் டியூட்டரிங்’ என்று எழுதி, பாடம், வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை மாணவர் என்று சேர்க்க வேண்டும். பிரிட்டனுக்கு ‘பிரைவேட் டியூஷன்’ சரியாக விளங்கும். பன்மையாக ‘டியூஷன்ஸ்’ இரண்டு நாட்டிலும் வேண்டாம், அது இந்திய வழக்கு.

#16 ஏடுபெயர்ப்பு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு வாக்கியம் நிற்கிறது. ஜெர்மனிப் பக்கத்தில் ‘டியூஷன்-ஃப்ரீ, பட் ஃபீஸ் அப்ளை’ என்று இருக்கிறது. பழைய வரைவில் ‘கல்வி இலவசம், ஆனால் கட்டணம் உண்டு’. இதைப் படிக்கும் பெற்றோர் எதை நம்புவார்?

#17 கடன்பற்று

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் பாடத்துக்குப் பணம் வாங்குவதில்லை. ஆனால் பருவந்தோறும் ‘செமஸ்டர்பைட்ராக்’ என்ற பங்களிப்பு கட்டவேண்டும். ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை, பல இடங்களில் பேருந்து, ரயில் சீட்டும் அதில் அடங்கும். கட்டத் தவறினால் அடுத்த பருவப் பதிவு நின்றுவிடும். விதிவிலக்குகளை மறக்காதீர்கள்: பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 2024 குளிர்காலத்திலிருந்து அப்படி வருவோருக்குப் பருவந்தோறும் இளங்கலைக்கு 2,000 முதல் 3,000, முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ. இவை போக, விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டு வாழ்க்கைச் செலவு காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ.

வாக்கியத்தை இப்படி எழுதுங்கள்: ‘பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் பல்கலைக்கழகப் பங்களிப்பைக் கட்டவேண்டும். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் உங்களுடையவை.’